காய்ச்சல் வந்த அன்றைக்கே ஓட ஒரு நிதி – நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

கோயில் திருப்பணி நோட்டீஸ் என்று நினைத்து இதைப் பிரித்திருப்பீர்கள். இல்லை, இது சிக்கிள் செல் என்ற ரத்த நோய் உள்ள பிள்ளைகளின் காய்ச்சலுக்காக வசூல் செய்கிற நோட்டீஸ். விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் எதற்குக் கை நீட்டுகிறோம் என்பது புரியும். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். போன கார்த்திகையில் கோழிக்குக் குருணை வாங்கப் புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போனார். ஒடிசாவிலிருந்து வந்து அங்கே வேலை செய்கிற குடும்பம் ஒன்றின் சின்னப் பையன் களத்தில் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு கன்னமும் யாரோ அறைந்தது மாதிரி சிவந்திருந்தன. அவனுடைய அக்கா, ஏழு வயது, சாக்கு அடுக்கின் மேல் சாய்ந்து படுத்திருந்தாள். அண்ணன் பழக்கதோஷத்தில் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, சலவை வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. "காச்சல் போச்சு, காச்சல் போச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். காய்ச்சல் போனது உண்மைதான். இரண்டு நாளுக்கு முன் ஓரிடத்தில் காட்டி, காய்ச்சல் மருந்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே யாரும் வேறெதுவும் கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தமிழ் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சிக்கிள் செல் நோய் என்று சொந்த ஊரில் கொடுத்த சீட்டு, பாலிதீன் உறைக்குள் மடித்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

அன்று ராத்திரி பார்த்தபோது ஹீமோகுளோபின், அதாவது ரத்த அளவு, வெறும் 3.1. இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். எட்டாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அன்று குருணை வாங்காமலே திரும்பிவிட்டார்.

சிக்கிள் செல் தொற்றுநோய் இல்லை. பரம்பரையாக வருவது. அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் அந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. இரண்டு பக்கமும் வாங்கிய பிள்ளையின் சிவப்பணு, ஆக்ஸிஜன் குறையும்போது அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துக்கொள்ளும், சின்ன ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். கை கால் வலி தாங்காது. நம் உடம்பில் ஒரு சிவப்பணு 120 நாள் ஓடும் என்றால், இவர்கள் உடம்பில் 10 முதல் 20 நாள்தான்.

இந்த நாள் கணக்கில்தான் வைரஸ் புகுந்து விளையாடுகிறது. கிட்டங்கியில் மூட்டை அடுக்கி வைத்திருப்பவருக்கு ஆலை ஒரு வாரம் நின்றால் கவலை இல்லை. அன்றன்றைக்கு அரைத்து அன்றன்றைக்கு விற்பவருக்கு மூன்றாம் நாளே கடை காலி. பார்வோவைரஸ் பி19 என்று ஒன்று இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உண்டாகும் இடத்தையே பிடித்து, ஒரு வாரம் பத்து நாள் உற்பத்தியை நிறுத்திவிடும். நம் பிள்ளைகளுக்கு வந்தால் கன்னம் சிவக்கும், லேசாக உடம்பு சுடும், போய்விடும். சிக்கிள் பிள்ளைக்கு வந்தால் அந்த வாரத்திலேயே ரத்தம் வற்றிவிடும். தம்பிக்குக் கன்னம் சிவந்ததும் அக்கா வெளுத்ததும் ஒரே வைரஸால் என்பது டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இந்த வைரஸை 1975-ல் லண்டனில் இவோன் கொசார்ட் என்ற பெண் மருத்துவ ஆய்வாளர் கண்டுபிடித்தார். மஞ்சள்காமாலை வைரஸுக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, பி வரிசையில் 19-ஆவதில் தட்டுப்பட்டதால் அந்தப் பெயர். சிக்கிள் பிள்ளைகளுக்குத் திடீரென்று ரத்தம் இறங்குவது இதனால்தான் என்பது 1981-ல் தெரிந்தது. இதற்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை. ஒரு முறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது, அந்த ஒரு முறையைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அதே வீட்டில் இன்னொரு சிக்கிள் பிள்ளை இருந்தால் அதையும் உடனே பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வைரஸ் பிடித்த பிள்ளையின் பக்கத்தில் இருக்கக் கூடாது, வயிற்றுச் சிசுவுக்கு ஆகாது.

மற்ற வைரஸ்களும் சாமானியப்பட்டவை இல்லை. இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நெஞ்சில் இறங்கினால் இவர்களுக்கு மூச்சே ஆபத்தில் போய்விடும். மழைக்காலத்தில் நம் ஊரில் டெங்கு வராத தெரு உண்டா? டெங்குவில் ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஒரு கணக்கைப் பார்த்துத்தான் டாக்டர்கள் ஆபத்தை அளக்கிறார்கள். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். போதாக்குறைக்கு, சிக்கிள் வலிக்கு என்று வீட்டில் வைத்திருக்கும் வலி மாத்திரையை டெங்குவில் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். இது அந்தத் தாய்மாருக்கு எப்படித் தெரியும்? அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியவர்கள் என்பதால் மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்கள் பற்றியும் கவனம் வேண்டும். தானமாக வரும் ரத்தத்தை இவற்றுக்கும் எச்.ஐ.வி.க்கும் சோதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் ரத்த வங்கி வழியாக அல்லாமல் வேறு வழி கிடையாது என்று பிடிவாதமாக இருக்கிறோம்.

மண்ணீரல் வேறு இவர்களுக்குச் சின்ன வயதிலேயே செயலிழந்துபோகும். வைரஸ் காய்ச்சல்தானே என்று இருந்தால் பின்னாலேயே பாக்டீரியா வந்து உட்காரும். எது எது என்று வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 101 டிகிரி தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அதற்கு நாங்கள் காசு கேட்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆலையிலிருந்து சிவகங்கை போக வண்டி, வெளியில் எடுக்கச் சொல்லும் பரிசோதனை, பிள்ளையோடு படுத்திருக்கும் அம்மாவுக்கு இழந்த கூலி, இந்த மூன்றும்தான் அவர்களைத் தயங்க வைக்கின்றன. நாள் கூலி போனால் அன்று உலை இல்லை. அதனால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள்.

இதுவரை எங்களுக்குத் தெரிந்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலுமாக 11 பிள்ளைகள். ஒரு காய்ச்சலுக்கு வண்டி, பரிசோதனை, நாலு நாள் கூலி எல்லாம் சேர்த்து 4,900 ரூபாய் என்று போட்டிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று காய்ச்சல். இது குறைந்தால் சந்தோஷம். ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும், இரண்டு வயது தாண்டியவர்களுக்கு நிமோனியா பாக்டீரியாவுக்கான நிமோகாக்கல் ஊசி ஒன்றும் உண்டு, டாக்டர் சொன்னபடி போடுவோம். இவற்றுக்கு 44,000. ஒடியா தெரிந்த தம்பி ஒருவருக்கு மாதம் 3,000. ஹீமோகுளோபின் பார்க்கும் கைக்கருவியும் அதற்கான பட்டைகளும் 30,000. அவசரக் கையிருப்பையும் சேர்த்து மொத்தம் 3 லட்சம். இப்போது கையில் இருப்பது 64,000.

செலவே இல்லாமல் முதலில் செய்தது ஓர் அட்டை. சிவப்பு அட்டையில் தமிழிலும் ஒடியாவிலும், 'இந்தப் பிள்ளைக்குச் சிக்கிள் செல் நோய். காய்ச்சல் என்றால் ரத்த அளவையும் ரெட்டிகுலோசைட் (புதிதாக உண்டான சிவப்பணு) எண்ணிக்கையையும் உடனே பாருங்கள்' என்று எழுதி, லேமினேட் செய்து, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறோம். பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தோம்.

முதல் கூட்டத்திலேயே ஓர் அண்ணன் கேட்டார்: "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே ஆயிரம் கிடக்கு, வடக்கே இருந்து வந்தவுகளுக்கு நாம எதுக்கு?" நியாயமான கேள்விதான், மழுப்ப விரும்பவில்லை. ஒன்று, இது வடக்கத்தி நோய் இல்லை. இந்தியாவில் 1952-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் நீலகிரியின் மலைவாழ் மக்களிடம். இன்னொன்று, நம் ஐயாமார் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனபோது பாஷை தெரியாத ஊரில்தான் காய்ச்சலில் படுத்தார்கள். காசிக்குப் போனவருக்கு நகரத்தாரின் நகரச் சத்திரம் இருந்தது, படுக்க இடமும் ஒருவாய்ச் சோறும் கிடைத்தது. கேள்வி கேட்ட அண்ணன் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் ராத்திரி அவசரம் என்றால் தன் வேனைத் தருகிறேன் என்றிருக்கிறார், டீசல் மட்டும் நம்முடையது.

பள்ளத்தூரில் ஒரு வளவு வீட்டுக்காரர், சிங்கப்பூரில் இருக்கிறார், முகப்பில் இரண்டு அறையை வாடகை இல்லாமல் தந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையும் அம்மாவும் தெம்பு வரும்வரை அங்கே இருக்கலாம். கொசுவலை, பாத்திரம், அரிசி, இவற்றைப் பொருளாகவே தருபவர்கள் தரலாம். பழைய துணி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறையச் சேர்ந்துவிட்டது.

கணக்கு பற்றி: ஐந்தொகை போட்டுப் பழகிய ஊரில் கணக்கில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் வராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை எழுதி முகப்புத் தூணில் ஒட்டுவோம். பிள்ளைகளின் பெயரும் படமும் எங்கும் வராது.

குடும்பத்துக்கு 500 என்று வைத்திருக்கிறோம், கூடக் கொடுப்பது உங்கள் மனசு. வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது. பணம் முடியாதவர்கள் ரத்த வகையை எழுதிக் கொடுங்கள். ஓ பாசிட்டிவ் பட்டியல் நீளமாக இருக்கிறது, நெகட்டிவ் வகைகளில்தான் இரண்டே பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவோம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம், எங்களிடமே என்றாலும்.

இப்படிக்கு,
குழுவினருக்காகச் செயலாளர்