காரைக்குடி வட்டாரத்து மண்டபக்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மண்டப உரிமையாளர்களுக்கும் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் தேவகோட்டைப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். முகூர்த்த நாட்களில் கடைசிப் பந்தி முடிந்ததும் டிரம்மோடு உங்கள் பின்வாசலில் வந்து நிற்பவன் நான்தான். நீங்கள் தரும் மிச்சச் சோறு கோழிக்கு நேராகப் போவதில்லை. முதலில் புழுவுக்குப் போகிறது. கருப்பு சிப்பாய் ஈ என்ற ஈயின் புழு அது. இரண்டு வாரத்தில் கொழுத்துவிடும். காயவைத்தால் அதன் எடையில் சுமார் 40 சதவீதம் புரதம். தீவனம் விற்கிற விலையில் என் பண்ணை ஓடுவதே அதனால்தான்.

போன வைகாசியில் ஒரு தொட்டியைச் சலித்தேன். புழுக்கள் சல்லடையில் நெளிய, எச்சம் காப்பித்தூள் மாதிரி கீழே விழுந்தது. கூடவே ஐஸ்கிரீம் கரண்டியின் முனை, லட்டு கவரின் மூலை, அப்புறம் நீல நிறத்தில் நார் நாராக ஏதோ ஒன்று. விரலில் ஒட்டியதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பந்தி மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கிவிட்டேன். தெரியாததை எப்படிப் பொறுக்குவது?

5 மில்லிமீட்டருக்கும் குறைந்த துணுக்கைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். புழுவின் வாய்க்குள் அடங்குகிற அளவில் இருந்தால் சோற்றோடு சோறாக உள்ளே போய்விடும். ஆய்வுகளில் பார்த்தவரை, விழுங்கியதில் பெரும்பகுதியைப் புழு எச்சத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் வயிறு நிறைந்த புழுவை அப்படியே எடுத்துப் போட்டால் குடலில் இருப்பதும் கோழிக்குத்தானே போகும்? அதனால் ஒரு நாள் பட்டினி போட்டுத்தான் எடுக்கிறேன். சரி, எச்சம்? அது நல்ல உரம். பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்கும் தென்னைக்கும் போகிறது. புழு தள்ளிய பிளாஸ்டிக் அந்த மண்ணில் கிடக்கும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஐரோப்பாவில் 2017 முதல் வளர்ப்பு மீனுக்கும், 2021 முதல் கோழிக்கும் பன்றிக்கும் புழுத் தீவனம் போட அனுமதி உண்டு. ஆனால் ஓட்டல், சமையலறை மிச்சத்தில் அந்தப் புழுவை வளர்க்கக் கூடாது. அங்கே பயம் முக்கியமாக நோயைப் பற்றியது. இங்கும் அப்படி ஒரு தடை வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால் அத்தனை சோறும் குப்பைக் கிடங்கில்தான் அழுகும்.

உங்கள் மண்டபம் ஒன்றில் பந்தி எடுக்கிற அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேசைத் தாளை இரண்டு பக்கமும் தூக்கி, இலை, சோறு, தண்ணீர் பாட்டில், பேப்பர் கப் எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி டிரம்மில் திணித்தார். "இப்படிப் பண்ணாத்தான் தம்பி அடுத்த பந்திக்குள்ள முடியும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் நேரமும் தரவில்லை, ஆளும் தரவில்லை.

அந்த மேசைத் தாளுக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கப் வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 100 மில்லி சுடுநீரை அதில் 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்துணுக்குகள் கலந்திருந்தன. அதே கப் நசுங்கி என் டிரம்முக்கு வருகிறது.

செட்டிநாட்டு வீடுகளில் சீராக வந்த பித்தளையும் எவர்சில்வரும் அறை அறையாகப் பூட்டிக் கிடக்கின்றன. தாம்பூலம் போட்டுக் கொடுக்க ஓலைக் கொட்டான் முடைகிற கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நாம் ஏன் லட்டைக் கவரில் கட்டுகிறோம்?

நான் கேட்பது பெரிதில்லை. மேசைத் தாளை நிறுத்துங்கள். தண்ணீருக்கு டம்ளர் வையுங்கள். பந்தி எடுக்க இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள். அந்தக் கூலியில் பாதியை நான் தருகிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மூன்று டிரம் கொண்டுவந்து வைத்துவிடுவேன். பச்சை மூடி போட்டதில் சோறும் காயும் மட்டும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்வாசல் கோழிக்காரன்