நீ எழுந்து நடந்த பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய நெடுங்கால் உள்ளான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புது லென்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பறவை கழுத்தை நிமிர்த்தி உன்னையேதான் பார்க்கிறது. கரையில் நின்றபடி எடுத்தாய், இல்லையா? மிரண்ட பறவை இரை தேடாது, இறகு கோதாது, பறக்கத்தான் பார்க்கும்.

மறைவுக் கூடாரத்தில் உட்காரப் பழகு. ஆள் உருவம் மறைய வேண்டும், அதுதான் முக்கியம். விடிவதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக உள்ளே போய்விடு. காலை வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிவிடு. மேலிருந்து எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறுதான் தெரியும். தாழ இருந்தால் எதிர்க்கரை மங்கிப்போய் பறவை மட்டும் தனியாக எழுந்து நிற்கும்.

போன வாரம் ஒரு சின்ன வெண்கொக்கு என்னிடமிருந்து பத்தடி தூரத்துக்கு வந்தது. கறுப்புக் கால், அதன் அடியில் மஞ்சள் விரல்கள். ஒரு காலை முன்னால் நீட்டிச் சேற்றுக்குள் விரல்களை நடுங்கவிட்டது. கலங்கிய நீரிலிருந்து குஞ்சுமீன் ஒன்று துள்ளி வெளியே வந்ததுதான் தாமதம், கழுத்து போய்த் திரும்பிவிட்டது. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்திருந்தும் அலகு நுனி கொஞ்சம் கலைந்துதான் வந்தது. ஒன்று கவனி, இருண்ட தண்ணீரில் வெள்ளைப் பறவை நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் இழைகள் போய்விடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் ஸ்டாப்பாவது குறைத்து வை. வெயில் ஏறிய பிறகு எடுக்காதே. கானல் எழும்பி எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் நெளியும்.

அப்புறம், கூடு. நெடுங்கால் உள்ளான் தரையில்தான் முட்டையிடும். பல வருஷங்களுக்கு முன்னால் நெடுங்கால் உள்ளான் ஜோடி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்ற, நான் நல்ல படம் கிடைக்கிறதென்று எடுத்துக்கொண்டே இருந்தேன். என் காலடிக்கு நாலு முழத்தில் முட்டைகள் வெயிலில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இன்னும் அது மனசை அறுக்கிறது. பறவை கத்தினால் கேமராவை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பிவிடு.

உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு எட்டு வயதிருக்கும். விடிந்து தாமதமாகப் போகும் நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து கூடாரத்துக்குள் நுழைவோம். கொஞ்ச நேரத்தில் நீ மட்டும் வெளியே வந்து, பறவைகளுக்குத் தெரியும்படி கையை வீசிக்கொண்டு தூரமாய் நடந்து போவாய். வந்த ஆள் போய்விட்டதென்று நம்பி அவை மறுபடி கரையோரம் இறங்கும். மரத்தடியில் நீ தனியாக இரண்டு மணி நேரம் காத்திருப்பாய். எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் பாதி நீ அப்படி நடந்துபோனதால் கிடைத்தவை. அன்றைக்கு ஒரு தடவையாவது உன்னை உள்ளே உட்காரவைத்திருக்கலாம்.

அடுத்த முறை வரும்போது லென்ஸை எடுத்துக்கொண்டு வா. நீ உள்ளே இரு. நான் எழுந்து நடக்கிறேன்.

அன்புடன்,
அப்பா