ஹபரணையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் திருகோணமலையில் இளைஞர் கழகம், விளையாட்டுக் கழகம், அறநெறி வகுப்பு, பள்ளிவாசல் வாலிபர் குழு என்று எங்கும் மலைநாட்டு ட்ரிப் பற்றிய பேச்சுத்தான். திட்டமும் அநேகமாக ஒன்றுதான். இரவு பத்து மணிக்குப் பஸ் ஏறுவது, விடியும்போது நுவரெலியா, மறுநாள் எல்ல, அன்றிரவே இறங்கி ஊர் திரும்புவது. கேட்டால், "விடுதிக் காசு மிச்சம்" என்பார்கள். அந்த மிச்சம் சாரதியின் தூக்கத்திலிருந்து எடுத்தது. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். மலை இறக்கத்தை இரவுக்கு வைக்கும் எந்தத் திட்டத்தையும் இனியாவது கிழித்துப் போட வேண்டும்.

தூரத்தை ஒருமுறை எழுதிப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியாக ஹபரணை ஏறத்தாழ 85 கிலோமீற்றர். அங்கிருந்து தம்புள்ளை 25, தம்புள்ளையிலிருந்து மாத்தளை ஊடாகக் கண்டி 70 சொச்சம். ஆகக் கண்டிக்கே 180. கம்பளை, றம்பொடை ஏறி நுவரெலியா போக இன்னும் 75 வரும். கைபேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கு உரியது. ஐம்பது பேரோடு சாப்பிட, மலசலகூடம் போக, வாந்தி எடுக்க என்று நின்று நின்று போகும் பெரிய பஸ்ஸுக்கு நுவரெலியா பத்து மணித்தியாலப் பயணம். பகல் முழுக்க வழித்தடத்தில் ஓடிவிட்டு வந்த சாரதியை இரவு பத்துக்கு மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார வைத்தால், காலை நான்கு மணிக்கு, தூக்கம் ஆளை அமுக்கும் அந்த நேரத்தில், அவர் சரியாகக் கம்பளைக்கு மேலே வளைவுகளில் இருப்பார்.

ஆகவே கணக்கை, திரும்பி வரும் நாளிலிருந்து தொடங்குங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை வீதிக்கு வருவது பொழுது சாய்ந்த பிறகுதான் அதிகம். எனவே மாலை ஐந்தரைக்கு முன் ஹபரணையைத் தாண்டியாக வேண்டும். அதற்கு மாத்தளையில் பகல் சாப்பாடு முடித்து இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்கு நுவரெலியாவை விட்டுக் காலை ஏழு மணிக்கே இறங்க வேண்டும். அப்போது இறக்கம் முழுவதும் பகல் வெளிச்சத்தில் கிடைக்கிறது. போகும் நாளில் ஐந்தரைக்குப் புறப்பட்டால் மத்தியானத்துக்குக் கண்டி. முதல் இரவு அங்கேதான், நுவரெலியாவில் அல்ல. இப்படி வைத்தால் இரண்டு இரவு, மூன்று பகல். எல்ல இதற்குள் அடங்காது. அடங்காததை வெட்டிவிடுவதுதான் நல்லது. எல்லதான் வேண்டும் என்றால் நான்காவது நாளுக்குக் காசு சேருங்கள்.

பஸ் பேசும்போது வாடகையை மட்டும் பேசிவிட்டு வருவது பெரிய பிழை. கிலோமீற்றர் எங்கிருந்து எண்ணப்படும் என்று கேளுங்கள். பல உரிமையாளர்கள் கராஜிலிருந்து கராஜ் வரை எண்ணுவார்கள். டீசல், தரிப்பிடக் கட்டணம், சாரதிக்கும் உதவியாளருக்கும் சாப்பாடு, படிக்காசு, படுக்கை ஆகியவை யார் பொறுப்பு? நடுவழியில் பழுதானால் எத்தனை மணிக்குள் மாற்றுப் பஸ்? எல்லாம் தாளில் இருக்க வேண்டும். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம், பற்றுச்சீட்டில் பஸ் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். காட்டுவது ஒரு பஸ், அனுப்புவது வேறு பஸ் என்பது நடக்கிற காரியம். வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸை மாகாணம் கடந்து கொண்டுபோவதானால் அதற்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் தனியாக எடுக்க வேண்டும். எடுப்பது உரிமையாளரின் வேலை, புறப்படுவதற்கு முதல்நாளே கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதித் திகதி, முன் டயர் இரண்டும் அப்படியே. டாக் பண்ணிய டயர், அதாவது தேய்ந்த பிறகு மேலே புதுப் பட்டை ஒட்டிய டயர், முன்னால் போட்டிருந்தால் மலைக்கு அந்த பஸ் வேண்டாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவிலும் விசேட பயணத்துக்கு பஸ் எடுக்கலாம். பாட்டுப்பெட்டி, கலர் லைட் இராது என்பதற்காக இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இறக்கத்தில் பிரேக் ஏன் போகிறது என்பதை ஒழுங்கமைப்பாளரும் தெரிந்திருக்க வேண்டும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் ட்ரம் சூடேறி, பிடிமானம் குறைந்துவிடும். காற்று பிரேக்கை அடிக்கடி மிதித்தால் தாங்கியில் காற்றும் இறங்கும். எந்தக் கியரில் ஏறினாரோ அந்தக் கியரில் இறங்குபவரே மலை ஓடத் தெரிந்த சாரதி. கருகல் மணம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரைமணி ஆறவிட வேண்டும். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். சாரதி பேச்சைக் கேட்கிறாரா என்று பார்க்க ஒருவர் முன் இருக்கையில் விழித்திருக்க வேண்டும். மலை வீதியில் பெரிய ஸ்பீக்கர் நிற்கட்டும், எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் சாரதி காதில் விழ வேண்டும்.

விடுதியில் முதலில் கேட்க வேண்டியது சாரதிக்கு அறை உண்டா என்பதுதான். பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது பஸ்ஸின் பின் சீற். அதன் பக்கத்திலேயே நெருப்பு மூட்டி விடிய விடியப் பாட்டு. மறுநாள் றம்பொடை இறங்குவதும் அதே ஆள்தான்.

காசுக் கணக்கில் வழுக்குமிடம் ஒன்று உண்டு. பஸ்ஸும் விடுதியும் எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு. அது 1,80,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 45 பேருக்கு ஆளுக்கு 4,000. பெயர் கொடுத்த 45 பேரில் 36 பேர்தான் வந்தால் ஆளுக்கு 5,000 ஆகிவிடும். கடைசி வாரத்தில் ஆயிரம் கூட்டிக் கேட்டால் இன்னும் நால்வர் விலகுவார்கள். ஆகவே பெயர்களில் ஐந்தில் ஒன்றைக் கழித்து விட்டே ஆள்விலையைச் சொல்லுங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுப்பது எளிது. முழுப் பணமும் இரண்டு வாரம் முந்தியே வந்திருக்க வேண்டும். சாப்பாடு ஆளுக்கு ஆள் கூடிக் குறையும் செலவு, அதைத் தனித் தாளில் வையுங்கள்.

முதல்நாள் காலைப் பொதியில் தேங்காய்ப்பூச் சம்பலும் பால் கறியும் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்குச் சமைத்து, சூட்டோடு லன்ச் சீற்றில் கட்டினால் ஆவி உள்ளே நின்று ஒன்பது மணிக்கே புளித்து நாறும். பாண், சீனிச்சம்பல், அவித்த முட்டை போதும். சோறு கட்டத்தான் வேண்டும் என்றால் நன்றாக ஆறவிட்டு, பொரித்த கறியோடு கட்டுங்கள். மூவினப் பிள்ளைகளும் ஒன்றாகப் போகும் ஊர் இது. ஹலால் கடை எது, மரக்கறிக்காரருக்குச் சட்டி வேறா என்பதைக் கடைவாசலில் நின்று விவாதிக்காமல் தொலைபேசியில் முதலே பேசி வையுங்கள். வெள்ளிக்கிழமை பயணமானால் ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் உள்ள நகரில் பகல் தரிப்பு விழுமாறு பாருங்கள். வாந்திக்காரர் குளிசையை அரைமணி முந்தியே போட்டு, முன் இருக்கையில் இருக்க வேண்டும். மலை ஏறத் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை.

ஆற்றிலும் அருவியிலும் அதிகம் மாட்டுவது நம் பிள்ளைகள்தான், கடலில் நீந்தத் தெரிந்த துணிவால். உப்புநீர் தூக்குவதுபோல் நன்னீர் ஆளைத் தூக்காது. மலைத் தண்ணீரின் குளிரில் கை கால் விறைக்கும், பாறை பாசியில் வழுக்கும். மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், அந்தக் கணமே எல்லோரும் கரைக்கு. டிசம்பர் விடுமுறையில் போவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் அன்றும் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் திட்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்பியூலன்ஸ் 1990.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டால் பஸ்ஸே ஒரே குரலில் "ஓம்" என்னும். மலசலகூடத்தில் நிற்பவன் மட்டும் பதில் சொல்ல மாட்டான். ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்து, ஒவ்வொரு தரிப்பிலும் ஒன்றிலிருந்து அவரவர் வாயால் சொல்ல வையுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், பெண் பிள்ளைகள் வந்தால் பொறுப்பில் ஒரு பெண் கட்டாயம். பதினெட்டு வயதாகாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும், மற்றவர்களுக்கு அடையாள அட்டையும் வேண்டும். பெயர், வீட்டுத் தொலைபேசி, ஒவ்வாமை எழுதிய பட்டியலில் ஒரு பிரதி ஊரில் இருக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும்.

திரும்பி நகருக்கு வரும்போது இரவு ஏழரை ஆகிவிடும். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்நேரம் பஸ் கிடைப்பது கடினம். அவர்களை எங்கே இறக்குவது, அந்தக் கிலோமீற்றர் வாடகைக்குள் அடங்குமா என்பதையும் பஸ் பேசும் நாளிலேயே தாளில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இளைஞர் பயணங்களை ஒழுங்குசெய்வோர் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.