செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கடலூரிலிருந்தும் முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியிலிருந்தும் வந்திருக்கும் நர்சரிக்காரர்களே, தோட்டப் பராமரிப்பு எடுத்துச் செய்யும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு விதிப்படி கூடியது. ஒரு கூட்டம் மட்டும் போதிய ஆள் வராததால் தள்ளிப்போனது. ஆடிப்பட்ட விதையை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தோம். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி வாடகையைப் பங்கு போட்டுச் செடி இறக்கினோம். மண் பரிசோதனை வகுப்பு ஒன்று நடந்தது. ஆயுத பூஜை நடந்தது.

அடுத்து பொதுக் கோப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. நம்மில் வேலை தெரிந்தவர்கள் ஏராளம், எழுதி வைப்பவர்கள் குறைவு. வாய்ப்பேச்சில் எடுத்த வேலையில் தகராறு வந்தால் நஷ்டம் எப்போதும் நமக்குத்தான். ஆகவே அவரவர் பயன்படுத்தும் கொட்டேஷன், பராமரிப்பு ஒப்பந்தம், பில் படிவம், இருப்பு நோட்டு, கூலி நோட்டு ஆகியவற்றின் நகலை, வாடிக்கையாளர் பெயரையும் ரேட்டையும் அடித்துவிட்டு, சங்க அலமாரியில் சேர்த்து எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தேன். கைதட்டி ஏற்றுக்கொண்டீர்கள்.

இதன் அருமை நவம்பர் கடைசியில் தெரிந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்ப் பக்கக் கரையோரத்தையும் மூழ்கடித்தது. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்கள் நாம். அன்று காற்று மரத்தைச் சாய்த்தது. இந்த முறை தண்ணீர் தேங்கி நின்று பையில் வளர்த்த கன்றுகளை வேரழுக வைத்தது. நஷ்டத்தைக் காட்டு என்று கேட்ட இடத்தில், எந்தச் செடி, எத்தனை பை, எப்போது வாங்கியது என்று நோட்டு வைத்திருந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். மற்றவர்கள் செத்த செடியைத்தான் காட்ட முடிந்தது. அதற்கு யாரும் மதிப்புப் போட மாட்டார்கள்.

பராமரிப்பு வேலை எடுத்தவர்களின் கதை இன்னும் கசப்பானது. விழுந்த மரத்தை வெட்டி அகற்றுவதும் மாதச் சம்பளத்திலேயே அடங்கும் என்று பல வீடுகளிலும் விடுதிகளிலும் வாதாடினார்கள். நம் கோப்பில் உள்ள ஒப்பந்தப் படிவத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறது: புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சேதத்தைச் சுத்தம் செய்வது தனி வேலை, தனிக் கூலி. தேங்காய் பறிப்பதும் பெரிய மரத்தின் கிளை கழிப்பதும் அதே போலத் தனி. அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்த உறுப்பினர்களுக்குப் பேச்சே எழவில்லை, கூலி வந்தது. பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி தருவதைப் பற்றியும் அதில் வரி உண்டு. எத்தனை நாள் வரை தருவோம், தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு, உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரால் கருகினால் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. கடலோரத்தில் தொழில் செய்பவர்களுக்குக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வரி விஷயத்திலும் ஒரு தாள் சேர்த்திருக்கிறேன். உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி இல்லை. தோட்டப் பராமரிப்புச் சேவைக்கு 18 சதவீதம். செடி, மண், வேலை எல்லாம் சேர்த்து ஒரே வேலையாக எடுத்தால் கணக்கு மாறும், அதை ஆடிட்டரிடம் கேட்டே எழுத வேண்டும். சேவை செய்பவர் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு வரவு வரம்பு இரண்டு பக்கமும் 20 லட்சம்தான். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். முள்ளோடையைத் தாண்டினால் கணக்கு மாறுவது நம்மில் பலருக்கு இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பாக்கி வசூலுக்கும் ஒரு கடித மாதிரி உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், செல்போனிலேயே செய்யலாம். பதிவு செய்த சிறு சேவை நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. செடியை வாங்கி விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, சேவை செய்பவருக்கு உண்டு. இந்தக் கடிதத்தை அனுப்பிய பிறகு, மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒரு தங்கும் விடுதி நம் உறுப்பினருக்குப் பணம் கொடுத்தது. மருந்து அடிக்கும் நோட்டும் கோப்பில் இருக்கிறது. எந்த வீடு, எந்தத் தேதி, என்ன மருந்து, டப்பாவில் முக்கோணம் என்ன நிறம் என்று எழுத வேண்டும். சிவப்பு என்றால் கடும் விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலை செய்கிறோம், இதில் அலட்சியம் கூடாது.

இவ்வளவு பயன் தந்த கோப்பில் நகல் கொண்டுவந்து போட்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். எடுத்துச் சென்றவர்கள் அநேகமாக எல்லோரும். இதை மன வருத்தத்தோடுதான் பதிவு செய்கிறேன். என் கொட்டேஷனைப் போட்டால் பக்கத்துத் தெருக்காரர் பார்த்துவிடுவார் என்று சிலர் தயங்கினார்கள். ரேட்டை அடித்துவிட்டுத்தானே கேட்டோம்? உண்மையில் எல்லோரும் ஒரே தலைப்புகளில் கொட்டேஷன் கொடுத்தால் நமக்குத்தான் லாபம். ஒருவர் தொழு உரத்தையும் சேர்த்து விலை சொல்கிறார், இன்னொருவர் அதை மறைத்துவிட்டுக் குறைத்துச் சொல்கிறார். வாடிக்கையாளர் குறைந்ததைப் பிடித்துக்கொள்கிறார். நேர்மையாக எழுதியவர் வேலையை இழக்கிறார். இந்தப் போட்டியில் நாம் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்கிறோம்.

பொது உபகரணங்கள் நிலையும் அப்படியே. பிரஷ் கட்டர் பிளேடு இல்லாமல் திரும்பி வந்தது. பவர் ஸ்பிரேயர் கழுவாமல் வந்ததால் நாசில் அடைத்துக்கொண்டது. இரவல் நோட்டில் பெயர் எழுதாமல் எடுப்பதால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. இனி கையெழுத்து இல்லாமல் எதுவும் அலமாரியை விட்டு வெளியே போகாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய், சிறு தொகை கையிருப்பில் உள்ளது. வாடகை, மின்சாரம், நகல் எடுத்த செலவு ஆகியவை முக்கியமானவை. சந்தா பாக்கி பெரிது. பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலர் சென்ற ஆண்டுடையதும் கட்டவில்லை. புயல் நேரத்தில் நெருக்கடி என்பது தெரியும், அப்போது யாரையும் கேட்கவில்லை. ஆனால் பொங்கலும் போய் மாம்பழ சீசனும் வந்துவிட்டது.

அலுவலகத்துக்கு இடம் தந்தவருக்கும், வகுப்பெடுத்த வேளாண் அலுவலருக்கும், லாரி ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இந்தப் பொறுப்பில் தொடர்வேனா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் பொதுக் கோப்பு நின்றுவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொருவரும் இருப்பு நோட்டு தொடங்கி, செடிகளைப் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்கான படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. இன்று திரும்பும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கொட்டேஷன் நகல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதே மேசையில் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு மாலை வரை இருப்பார்.