வயலுக்குக் கணக்கு இருக்கிறது, கூலிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரி டெல்டாவில் மழை பொய்த்தாலும் கொட்டித் தீர்த்தாலும் எத்தனை ஏக்கர் கருகியது, எத்தனை ஏக்கர் மூழ்கியது என்றுதான் செய்தி வருகிறது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி போச்சு என்று எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் நாகை மாவட்டக் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். 2023-இல் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள், நம்பிக் குறுவை (குறுகிய கால நெல்) போட்டோம், அப்புறம் பருவமழை குறைந்து கர்நாடகத்திலிருந்தும் தண்ணீர் சரியாக வராமல் அணை இறங்கிக்கொண்டே போய், அக்டோபர் 10-ஆம் தேதி மூடியே விட்டார்கள். மேற்கே போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான்.

கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 5,460 ரூபாய். உழவு, விதை, நடவுக்கே காணாது. அதுவும் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற வி.ஏ.ஓ. பதிவு) கையில் இருந்தால்தான். என்னைப்போல வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்பவனுக்கு நிலத்துக்காரர் மனசு வைத்தால் உண்டு.

சரி, எனக்காவது கேட்க ஒரு வயல் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, நடவுக்கும் களைக்கும் போய்த்தான் குடும்பம் நடக்கிறது. பயிரே இல்லாத வருஷத்தில் களை ஏது? மகளிர் குழுக் கடன் தவணை மட்டும் வாரா வாரம் வந்தது. காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, காது தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வேலை கேட்டு வந்தார். கொடுக்க என்னிடமும் வேலை இல்லை. பிளஸ் டூ முடித்த மகன் கல்லூரிக்குப் போகாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறினான். அடுத்த வருஷமாவது மீட்கலாம் என்றால் மேட்டூர் திறந்ததே தாமதமாக, ஜூலை 28-ஆம் தேதி. தோடு ஏலத்துக்குப் போய்விட்டது.

2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தபோது 100 நாள் வேலையை 150 நாளாக்குவதாகச் சொன்னார்கள். அந்த மாதிரி, கருகினாலும் மூழ்கினாலும் நிலமில்லாதவர்களுக்குப் போன வேலை நாளைக் கணக்குப் பார்த்து நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்த தடவை உங்கள் நிருபர் வயலைப் படம் எடுத்து முடித்ததும் எங்கள் தெருவுக்கும் வரட்டும். யாருக்கு எத்தனை நாள் வேலை போனது என்று வீடு வீடாக நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
நாகை மாவட்டம்.