பாக்கெட்டுக்குள் ஒரு தாள் வையுங்கள்

என்ஜின் கேஸ்கட் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

என்ஜின் பாகங்கள் சேரும் இடுக்கில் ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை வீட்டிலேயே மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் வண்டிக்கடியில் புது ஆயில் சொட்டியிருப்பதைப் பார்க்கிறவன் அடுத்து என்ன செய்வான் தெரியுமா? ஸ்பானரை எடுத்து இன்னும் கொஞ்சம் முறுக்குவான். நானும் அதைத்தான் செய்தேன். உங்கள் பாக்கெட்டில் கேஸ்கட்டும் ஒரு பார்ட் நம்பரும் மட்டுமே இருந்தன. முறுக்காதே என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை.

மாற்றியது வால்வு கவர், அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட். முறுக்க முறுக்கக் கசிவு கூடியது. மூன்றாம் முறை கழற்றி, கவரைக் கண்ணாடி மேல் வைத்து மறுபக்கம் டார்ச் அடித்தேன். போல்ட் துளை இருக்கும் இடமெல்லாம் கண்ணாடியைத் தொட்டது. இரண்டு துளைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடாக வந்தது. தகட்டில் அழுத்திச் செய்த கவர், முறுக்கியதில் துளையைச் சுற்றி வளைந்துவிட்டது. அங்கே ரப்பர் நசுங்கி வெளியே பிதுங்கிக் கிடந்தது. இத்தகைய 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும். நடுவிலிருந்து தொடங்கி இருபக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் ஏற்ற வேண்டும். இது தெரிந்திருந்தால் அந்தக் கவர் வளையாமல் பிழைத்திருக்கும்.

கவரைத் தட்டி நேராக்கிப் போட்டும் லேசான கசிவு நின்றபாடில்லை. எங்கிருந்து வருகிறது என்பதே முதலில் பிடிபடவில்லை, ஏனென்றால் மேலே கசிகிற ஆயில் என்ஜின் சுவரோடு வழிந்து, அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பானின் விளிம்பில்தான் சொட்டும். பானைக் குற்றம் சொல்லத் தோன்றும். ஆறிய என்ஜினை நன்றாகத் துடைத்து, சந்தேகப்பட்ட இடங்களில் முகப்பவுடர் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். வெள்ளைப் பவுடரில் முதலில் ஈரம் கண்ட இடம் வால்வு கவரின் பின்மூலை.

காரணம் கேஸ்கட்டில் இல்லை. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேறுவதற்கான பி.சி.வி. வால்வைப் பிடுங்கிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கவேண்டும். என்னுடையது கரிப்பிசுக்கில் இறுகி, ஊமையாக இருந்தது. போக வழியில்லாத அந்த வாயு என்ஜினின் அடிவயிறான கிராங்க்கேஸில் அழுத்தமாகச் சேர்ந்து, பலவீனமான இடம் பார்த்து ஆயிலைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதை மாற்றிய பிறகு பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எத்தனை நல்ல கேஸ்கட்டுகள் இந்த ஒரு சின்ன வால்வுக்காகப் பழி சுமந்து குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அந்தப் பழி உங்கள் பெயர் மீதும்தானே விழுகிறது?

இடுக்கை அடைக்கப் பிதுக்கிப் பூசும் சிலிகான் சீலன்ட் பற்றியும் தாளில் கண்டிப்பாக எழுதுங்கள். டைமிங் செயினை மூடும் டைமிங் கவரும் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டும் சேரும் மூலை, அரைவட்டமாக வளையும் இடம் போன்றவற்றில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்கிற என்ஜின்களே அதிகம். பயத்தில் சுற்றிலும் பிதுக்கினால் ரப்பர் வழுக்கி இடம் மாறும். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். கசிவைவிட அது பெரிய ஆபத்து. பழைய கேஸ்கட் பிசிறை அகற்ற அலுமினியத்தில் உப்புத்தாள் சக்கரம் ஓட்டவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதன் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். துடைத்த பரப்பில் கடைசியாக எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது.

நான் கேட்பது உள்ளங்கை அளவுத் தாள். அந்த என்ஜினுக்கான இறுக்கும் அளவு, இறுக்கும் வரிசையின் படம், சீலன்ட் வைக்கும் புள்ளிகள், ஆயில் ஊற்றுமுன் அது உலர எத்தனை மணி நேரம். இவை உங்கள் பொறியாளர்களின் மேசையில் ஏற்கெனவே இருக்கும் விவரங்கள். அதன் முதல் வரி, “பி.சி.வி. வால்வைக் குலுக்கிப் பார்த்தீர்களா?” என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரே கவரை மூன்று முறை கழற்றியவன்