கஞ்சிப் பானையின் ஓராண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். தாயைப் பிரிந்தும் நோயுற்றும் நம்மிடம் வரும் விலங்கு, பறவைகளுக்காக இந்த ஆண்டு நம் அடுப்பில் என்ன வெந்தது, எங்கே சறுக்கினோம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சறுக்கலையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடிக்காற்றில் தென்னை மட்டையோடு விழுந்த இரண்டு அணில் குட்டிகளை ஒரு பள்ளிச் சிறுவன் சட்டைப்பையில் போட்டு எடுத்துவந்தான். இரண்டும் சில்லென்று இருந்தன. பசியாக இருக்கும் என்று நானே இங்க் ஃபில்லரில் கேழ்வரகுக் கஞ்சித் தெளிவை ஊட்டினேன். ஒன்றுக்கு மூக்கில் குமிழி வந்தது. மறுநாள் மூச்சு கரகரத்தது. அதற்கு மறுநாள் போய்விட்டது. கால்நடை மருத்துவர் என்னைத் திட்டவில்லை. உடம்பு குளிர்ந்த குட்டிக்குச் செரிமானமே நடக்காது. முதலில் சூடு, அப்புறம் நீர்ச்சத்து, அதற்குப் பிறகே உணவு என்றார். கண் திறக்காத குட்டிக்குக் கஞ்சி கூடாது, பசும்பாலும் வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும் என்றார்.

மிஞ்சிய குட்டியை, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடத்தினோம். நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்து, ஒரு மில்லி சிரிஞ்சில், குப்புறப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் அது சிறுநீர் கழிக்கும். இப்போது வாசல் கொய்யா மரத்தில் இருக்கிறது. கடித்த காயை நம் தலையில் போடுவதோடு சரி, கிட்டே வருவதில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

கிளிக்குஞ்சுகள் வந்தவுடன் வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்க முடியாது. 'நானே வைத்துக்கொள்கிறேனே' என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். குஞ்சுக்கான கூழ் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் கழுத்தடி இரைப்பையில் தேங்கிப் புளித்துவிடும். சூடு கூடினால் இரைப்பையே வெந்துவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே போதாது என்பதால் தெர்மாமீட்டர் வாங்கினோம். ஆண்டின் உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

கூகைக்கு ஒருவர் பால்சோறு ஊட்டிவிட்டுக் கொண்டுவந்தார். கூகை எலி தின்னும் பறவை. அதற்குக் கஞ்சியும் வேண்டாம், சோறும் வேண்டாம்.

நோயுற்ற நாய்களுக்கு நம் வழக்கமான கஞ்சியையே தொடர்ந்தோம்: குழைய வெந்த அரிசி, தோல் நீக்கி வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி, கொஞ்சம் பரங்கிக்காய். வெங்காயம், பூண்டு கிடையாது. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கல்யாண மண்டபத்து சாம்பார் சாதத்தை நாம் மறுத்ததில் சிலருக்கு வருத்தம். மறுத்ததற்குக் காரணம் அந்த வெங்காயம்தான், கௌரவம் இல்லை.

பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு முட்டப் போடுவது ஆபத்து. உணவு திடீரென்று சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே நின்றுவிடலாம். பத்து கிலோ நாய்க்கு ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 400 கிலோ கலோரி தேவை. முதல் நாள் அதில் கால் பங்கு, அதையும் நாலைந்து வேளையாகப் பிரித்து. அது கிண்ணத்தை நக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கும்போது கரண்டியைக் கீழே வைப்பது கஷ்டம். வைக்கத்தான் வேண்டும்.

பூனை வேறு கதை. கறி இல்லாத கஞ்சி அதற்கு உணவே இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து வாய் வைக்காவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். நம்மிடம் வைத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

உறுப்பினர்கள் சிலர் முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் போய்வந்தோம். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, உப்பும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த கவளத்தைப் பாகன் யானையின் வாய்க்குள்ளேயே வைக்கிறார். நம் ஒரு மில்லி சிரிஞ்ச் ஞாபகம் வந்து எல்லோரும் சிரித்தோம்.

வரும் ஆண்டுக்கு ஒரு சின்னத் தராசு வேண்டும். குட்டிகளைத் தினமும் எடை பார்க்காமல் அளவு தெரியாது. ஞாயிறு இரவு முறைக்கு இன்னும் ஆள் இல்லை. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்